கன்னத்தில் தட்டினால்

விடிந்ததும் எழுந்து வெந்நீர் வைப்பேன். பால்புட்டியை அதில் போட்டு எடுப்பேன். பால் பொடியைக் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். அதற்குள் உருளை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள். தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். குடிப்பாள். குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்ப்பாள். தோளில் போட்டு முதுகைத் தட்டுவேன். ஏப்பம் வரும். துணி மாற்றுவேன். பிறகு அவளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, சவரம் செய்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவேன்.

உருளை என் மகள். தவழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உருண்டே போய்விடுவாள். அதனால் அவள் அம்மா அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அக்கா என்று நான் சொல்வது என் மனைவியின் அக்காவை. அவரும் அவர் கணவரும், அதாவது என் சகலையும், என் மனைவி இறந்த அன்று வந்தவர்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஊர் திரும்பவில்லை.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. படித்தது இயற்பியல். பிரேம் எடுத்துக் காட்டுவேன். காதில் மாட்டும் பகுதியைச் சூடுகாட்டி வளைத்துப் பொருத்துவேன். இந்த வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. புதுப் பிரேமை மாட்டிக்கொண்டவர் முதலில் எதிரே உள்ள நிலைக்கண்ணாடியைப் பார்ப்பார். அதை நம்பமாட்டார். உடனே திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். என் முகம் கொஞ்சம் மலர்ந்தால் போதும், வாங்கிவிடுவார். என் மனைவி ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் போன் எடுப்பவள். "நீ மூஞ்சிய வித்துப் பொழைக்கிற, நான் குரலை வித்துப் பொழைக்கிறேன். உருளை எதை விக்கப் போறாளோ" என்பாள்.

போன வாரம் ஒரு அம்மாள் வந்தார். சிவப்பு பிரேம் ஒன்று அவருக்கு நன்றாகவே பொருந்தியது. நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இன்னொரு நாள் வரேம்பா" என்று எழுந்து போய்விட்டார்.

முதலாளி கல்லாவிலிருந்து கூப்பிட்டார்.

"அந்தம்மா ஏன் போச்சு தெரியுமா?"

"பிரேம் பிடிக்கல போல."

"பிரேம் பிடிச்சுதுடா. உன் மூஞ்சியப் பாத்துச்சு, போயிடுச்சு. ஏதோ எழவு வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி..." சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "வாய் தவறிடுச்சுப்பா. மனசுல வச்சிக்காத."

"பரவால்ல சார்."

"கொஞ்ச நாளைக்கு உள்ள லென்ஸ் வெட்டற மிஷின்ல உக்காரு. சரியா?"

உட்கார்ந்தேன். அந்த மிஷின் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியும். சிரிக்க முடியவில்லை என்பது மட்டுமல்ல. அழவும் முடியவில்லை. என் மனைவி செத்த அன்று நின்றது, நின்றபடியே இருந்தது.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது.

உருளைக்கு ஆறு மாதம் ஆனபோது ஒரு மத்தியானம் என் மனைவி தரையிலேயே அசந்து தூங்கிவிட்டாள். உருளை உருண்டுவந்து அவள் கன்னத்தில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். இவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து "பூ!" என்று கத்தினாள். உருளை ஒரு நிமிஷம் பயந்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். அன்றிலிருந்து அது தினசரிச் சடங்கு. அம்மா மல்லாந்து படுத்துக் கண்ணை மூடவேண்டும். கை கால் துவண்டு கிடக்கவேண்டும். உருளை வந்து கன்னத்தில் தட்டவேண்டும். அம்மா "பூ!" என்று எழவேண்டும்.

இரண்டு பேரும் அதை நாளுக்கு நாள் செதுக்கினார்கள். முதலில் ஒரு தட்டுக்கு எழுந்தவள், பிறகு வேண்டுமென்றே தாமதித்தாள். உருளை தட்டிவிட்டுக் காத்திருப்பாள். மூச்சுக்கூட விடமாட்டாள். எழவில்லையென்றால் இன்னும் பலமாகத் தட்டுவாள். விரலால் இமையை நீக்கிப் பார்ப்பாள். அம்மா எழுவதற்கு முன்பே, எழப்போகிறாள் என்ற நினைப்பிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாள். அந்தக் காத்திருப்பில்தான் பாதி சுகம் என்று என் மனைவி சொல்வாள். "பாரேன், இவ என்னை நம்பறா. நம்பிக்கைக்குச் சிரிக்கறா." நான் ஒருமுறை படுத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க வரவில்லை. உருளை என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அன்று காலை நான் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து உருளையின் சிரிப்புக் கேட்டது. நிற்கும், மறுபடி கேட்கும். முகம் கழுவும்போதும் கேட்டது. துண்டால் துடைக்கும்போதும் கேட்டது. இன்றைக்கு ஆட்டம் நீளமாக இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்தேன்.

அவள் மல்லாந்து கிடந்தாள். உருளை பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டுச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, 'பார், எப்படி நடிக்கிறாள்' என்பதுபோல இன்னொரு தரம் சிரித்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். மூக்கில் காற்று இல்லை.

மூளைக்குள் ஒரு நாளம் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நொடியில் போயிருக்கும், யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

மாலையில் அவளை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். யாரோ உருளையைக் கீழே விட்டுவிட்டார்கள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து தவழ்ந்து வந்தவளை யாரும் கவனிக்கவில்லை. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இதுவரை எங்கே போயிருந்தாய் என்ற மலர்ச்சி. நேரே போய்க் கன்னத்தில் தட்டினாள். காத்திருந்தாள். சிரித்தாள்.

அறை அப்படியே உறைந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் பாதி அழுகையில் நின்றார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கையில் செருப்போடு நின்றார். உருளை மறுபடி தட்டினாள். இமையை நீக்கினாள். அக்கா வீறிட்டார். அதோடு எல்லோரும் ஒரே நேரத்தில் கதறினார்கள்.

உருளை சிரிப்பை நிறுத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அக்காவை, சகலையை, பக்கத்து வீட்டுக்காரரை. இது விளையாட்டா இல்லையா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதுபோல் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன காட்டுகிறேனோ அதைத்தான் அவள் எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவள் உதடு நடுங்குவது நின்றது. அவள் அழவில்லை. அவளும் ஒன்றுமில்லாமல் ஆனாள்.

அடுத்த நாட்களில் நான் படுத்தே கிடந்தேன். கண்ணை மூடிக்கொண்டு. உருளை வந்து தட்டினாள். நான் திறக்கவில்லை. இமையை நீக்கினாள். நீக்கிய கண்ணால் அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். பிறகு ஒருநாள் வரவில்லை. அதற்கப்புறம் அவள் யார் கன்னத்திலும் தட்டவில்லை, சிரிக்கவுமில்லை.

அக்காதான் குழந்தை டாக்டரிடம் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். டாக்டரம்மா உருளைக்கு முன்னால் நாக்கை நீட்டினார். கன்னத்தை உப்பினார். கண்ணாமூச்சி காட்டினார். உருளை வேடிக்கை பார்த்தாள்.

"போன தடவை என் ஸ்டெதாஸ்கோப்பைப் புடுங்கி வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னா" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இவளை மடியில வச்சுக்கங்க. எதிரும் புதிருமா."

வைத்துக்கொண்டேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த அக்கா "அடக்கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கண் அசையாமல், புருவம் ஏறாமல், உதடு ஒட்டியபடி. என் முகம்தான். கைக்கு அடங்கும் அளவில் என் முகம்.

"குழந்தைக்குக் குறையொண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. அக்கா அவரிடம் விளையாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். "அது தட்டிப் பாத்துச்சு. யாரும் திறக்கல. எத்தனை நாள்தான் தட்டும்?"

திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. சகலைக்கு மௌனம் ஆகாது. "இடிச்ச புளி மாதிரி ஒண்ணு உக்காந்திருந்தாலே தாங்காது. இங்க ரெண்டு இருக்கு" என்றார். அக்கா அவர் தொடையில் கிள்ளினார்.

"என்னடி, சிரிக்கட்டும்னுதான் சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நாங்க கிளம்பறோம். உருளையையும் கூட்டிட்டுப் போறோம். அங்க என் நாத்தனார் பசங்க இருக்காங்க. ஓயாம கத்திக்கிட்டு, குதிச்சிக்கிட்டு. இவளும் சிரிப்பா."

நான் தரையில் கிடந்த பால்புட்டி மூடியை எடுத்து வைத்தேன்.

"நான் பறிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்காத. என் தங்கச்சி கடைசியா சொன்னதே அதுதானே. 'என் பிள்ளையப் பாத்துக்கங்க'ன்னு. எங்களையும் சேத்துத்தானே சொல்லியிருக்கா?"

அப்படி ஒரு பேச்சு அவள் செத்த அன்றே கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. முன்னறையில் யாரோ யாரிடமோ சொல்ல, அவர் அழுதுகொண்டே இன்னொருவரிடம் சொல்ல, மாலைக்குள் அது நடந்ததாகவே ஆகிவிட்டது. நான் மறுக்கவில்லை. மறுக்கவேண்டுமானால் உண்மையைச் சொல்லவேண்டும்.

"சரிக்கா" என்றேன்.

என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததில் அக்காவே ஆடிப்போனார். சண்டைக்குத் தயாராக வந்தவர் போலும். எழுந்து உருளையின் துணிகளை மடிக்கப் போனார்.

சனிக்கிழமை அக்காவும் சகலையும் காரில் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கை வாங்கப் போனார்கள். முன்னறையில் உருளையின் துணிகள் பெட்டியில் அடுக்கியிருந்தன. நான் சமையலறையில் பால்புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். உருளை என் காலடியில் ஒரு மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். டக், டக். ஊருக்குப் போனால் யார் இவளுக்குப் புட்டி கழுவுவார்கள், வெந்நீரில் போடுவார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டக், டக் நின்றது.

திரும்பினேன்.

உருளை மல்லாந்து கிடந்தாள். அவள் அம்மா கிடந்த அதே இடம். கை இரண்டும் பக்கவாட்டில் துவண்டு, தலை ஒருபுறம் சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து. கண் மூடியிருந்தது.

என் கையிலிருந்த புட்டி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எந்தக் குழந்தையும் துள்ளியிருக்கும். அவள் அசையவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்தேன். தொட முடியவில்லை. தொட்டால் குளிர்ந்திருக்கும் என்று தெரியும். ஒருமுறை தொட்டிருக்கிறேன். என் கை அவள் கன்னத்துக்கு மேலே காற்றில் நின்றது. மூக்கில் காற்று வருகிறதா என்று பார்க்கக்கூடத் தைரியமில்லை. பார்க்காதவரை அது நடக்கவில்லை.

அப்போது அவள் இமை லேசாகத் துடித்தது. ஒரு கீற்றுத் திறந்தது. அதன் வழியே கருவிழி என்னைத் தேடியது. நான் இருக்கிறேன் என்று கண்டுகொண்டதும் சட்டென்று இறுக மூடிக்கொண்டது.

காத்திருந்தாள்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவள் அம்மாவாகப் படுத்திருந்தாள். நான் தட்டவேண்டும். எத்தனை தட்டியும் கண்ணைத் திறக்காதவனுக்கு, ஆட்டத்தைத் திருப்பிப் போட்டு, சுலபமான பக்கத்தை எனக்குக் கொடுத்திருந்தாள்.

தட்டினேன். கன்னம் சூடாக இருந்தது.

அவள் திறக்கவில்லை. வேண்டுமென்றே தாமதித்தாள். யாரிடம் கற்றது என்று தெரியும். அந்தச் சில நொடிகளை நான் எப்படித் தாண்டினேன் என்று சொல்லத் தெரியவில்லை. மறுபடி தட்டினேன். பலமாக. "உருளை" என்றேன். "உருளை, எந்திரி. எந்திரிடி."

"ப்பூ!"

கண்ணைத் திறந்து எச்சில் தெறிக்கச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் கத்திவிட்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அடிபட்ட மிருகத்தின் சத்தம். அவள் திடுக்கிட்டாள். உதடு பிதுங்கியது. என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை என் முகத்தில் எல்லாம் இருந்தது. மூக்கு ஒழுகியது. வாய் கோணியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் வாயைத் திறந்து அழுதாள். பசிக்கு அழுகிற அழுகையில்லை. இரண்டு மாதமாக எங்கேயோ காத்துக்கிடந்த அழுகை. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவளும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தொடர்ந்தால் அவளும் தொடர்ந்தாள். தரையில் அவள் பக்கத்தில் படுத்துவிட்டேன். அப்பா போதும் என்பதுபோல என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "பூ" என்றேன். கேட்கச் சகிக்காத ஒரு பூ. அவள் அழுகைக்கு நடுவே விக்கிக்கொண்டே சிரித்தாள்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது இப்படித்தான் கிடந்தோம். அதே தரையில், அதே இடத்தில், இரண்டு பேரும்.

"ஐயோ!" கையிலிருந்த பையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சகலை பின்னாலிருந்து அவரைத் தாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் கையில் புது இருக்கை. முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன் எழுந்து உட்கார்ந்து.

"என்ன ஒண்ணுமில்ல? என் உசிரே போயிடுச்சு. குழந்தை அழுதா?"

"அழுதா. சிரிச்சா."

"யாரு, இவளா?"

உருளை சகலையின் கையிலிருந்த இருக்கையைப் பார்த்தாள். பிறகு என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அக்கா, இவ இங்க இருக்கட்டும்."

அக்கா குழாயை மூடினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாள் சிரிச்சா. நாளைக்கு நீ மறுபடி கல்லு மாதிரி உக்காந்துட்டா? கடைக்குப் போனா யாரு பாத்துப்பா? ஆத்திரத்துல பேசாத தம்பி."

"ஆத்திரம் இல்லக்கா."

"அவ சொல்லிட்டுப் போனதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? 'பாத்துக்கங்க'ன்னு சொன்னாளே."

"அவ அப்படிச் சொல்லல."

சகலை இருக்கையைத் தரையில் வைத்தார். அக்கா முகத்திலிருந்து தலைப்பை எடுத்தார்.

"சொல்லலையா?"

"இல்ல. யாரோ சொன்னது. நான் மறுக்கல, அவ்வளவுதான்."

"இத்தனை நாளா எல்லார்கிட்டயும் நான் அதைத்தானே..." அக்கா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "அப்ப என்னதான் சொன்னா? கடைசியா?"

உருளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட. இப்போது அக்காவிடம் சொன்னேன்.

அவள் செத்த அன்று காலை, சவரம் செய்யப் போவதற்கு முன்னால் நான் ஒருமுறை இந்தச் சமையலறை வாசலுக்கு வந்தேன். ஆட்டம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். உருளைக்கு அன்று என்னவோ தயக்கம். தட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையைப் பிடித்துத் தட்டக் காட்டிக்கொடுக்கலாம் என்று ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தேன். காலடிச் சத்தம் கேட்டிருக்கும். என் மனைவி கண்ணைத் திறக்காமலே, என் பக்கமாக ஒரு கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ வராத. அவளே எழுப்பட்டும்."